தாய்மாமன் குறித்த தேதி

கூரம்
3.5.2025

என் பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய அக்கா லோகாம்பாள் அவர்களுக்கு, உங்கள் தம்பியும் இந்த ஒன்றியத்தின் கவுன்சிலருமான மாணிக்கவேல் எழுதிக்கொள்வது.

நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். உன் வீட்டுக்காரர் பழனி மாமாவைக் கூப்பிட்டால் ஒரகடம் கம்பெனியில் ஷிப்டில் இருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிடுகிறார். நீ வேலை செய்யும் புடவைக் கடைக்கு நேரில் வந்தால் காந்தி ரோட்டில் நாலு பேர் பார்க்க அசிங்கப்படுத்துவாய் என்று எனக்குத் தெரியும். அதனால் பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதிய பிறகு இப்போதுதான் பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்திருக்கிறேன். ஷேர் ஆட்டோ ஓட்டும் லோகேஷ் இதைக் கொண்டுவந்து கொடுப்பார். பதிலையும் அவரிடமே கொடுத்துவிடு.

நான் செய்த குற்றம் என்ன அக்கா? என் அக்கா மகள் பிரவீனா பெரியவளானதற்குத் தாய்மாமன் நான் பேனர் வைத்தேன். வைக்காவிட்டால்தான் குற்றம். எங்கள் ஊரில் நாலு, வழியெல்லாம் ஆறு, காஞ்சிபுரத்தில் அவள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே பெரிதாக ஒன்று. நீ போன் போட்டு, "எட்றா அத! மொதல்ல எட்றா!" என்று கத்தினாய். காரணம் சொல்லாமலே வைத்துவிட்டாய். பேனரில் மாமா படம் சின்னதாகப் போய்விட்டது என்பதுதான் கோபம் என்றால் அதில் நியாயம் இருக்கிறது. மேலே தலைவர்கள், நடுவில் மாவட்டச் செயலாளர், அவருக்குப் பக்கத்தில் நான் என்று வைத்த பிறகு, மாமாவுக்கும் பிரவீனாவுக்கும் மூலையில்தான் இடம் கிடைத்தது.

உண்மையில் கோபப்பட வேண்டியவன் நான். பெண் பெரியவளானால் முதல் சேதி தாய்மாமனுக்குத்தான் வரவேண்டும். எனக்கு யாராவது சொன்னீர்களா? போன மாதக் கடைசியில் பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு வேலையாக வந்தவன் உன் வீட்டை எட்டிப் பார்த்தேன். வாசலில் வேப்பிலை. மாமா வெளியே வந்து, "உள்ள வராத மச்சான், பொண்ண தனியா உக்கார வெச்சிருக்குது" என்றார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பின் அறையில் பிரவீனா. தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆண்பிள்ளை இதையெல்லாம் வாய்விட்டுக் கேட்பது அழகில்லை என்று ஒன்றும் கேட்காமல் நேராக பிரஸ்ஸுக்குப் போனேன்.

மே 18, ஞாயிற்றுக்கிழமை. மாவட்டச் செயலாளர் தேதி கொடுத்துவிட்டார். சீர்த் தட்டு நூற்றைம்பத்தொன்று. மண்டபத்துக்கும் சொல்லியாயிற்று. தயவுசெய்து பிளாக்கை எடு.

என்றும் உன் தம்பி,
மாணிக்கவேல்


பிள்ளையார்பாளையம்
4.5.2025

மாணிக்கம்,

அது அம்மைடா.

வாசலில் வேப்பிலை கட்டி, பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து, உள்ளே வராதே என்று ஒருவர் சொன்னால், வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்று இந்த ஊரில் பால்காரருக்கும் புரியும். அந்த நேரத்தில் அதன் பெயரைச் சொல்லக்கூடாது என்று உன் மாமா பாதி பேச்சை முழுங்கிக்கொண்டு நின்றார். நீ மீதியை உன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொண்டாய். பிள்ளை தலையைக் குனிந்தது வெட்கத்தில் இல்லை. முகமெல்லாம் கொப்புளமாக இருந்தது, நீ பார்க்கக்கூடாது என்று குனிந்தாள். உன்னிடம் முதியோர் பென்ஷனுக்கு மனுக் கொடுக்க வருகிறவர்களை ஆயிரம் கேள்வி கேட்கிறாயே, இங்கே ஒரு கேள்வி கேட்டிருக்கக்கூடாதா?

பிரவீனா இன்னும் பெரியவளாகவில்லை. பதினைந்து முடிந்துவிட்டது. அவள் வகுப்பில் அவள் ஒருத்திதான் பாக்கி. ஒரு வருஷமாகவே, "எனக்கு எதுனா கொறையாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். நானோ நாள் முழுக்க ஊரார் வீட்டுப் பெண்களுக்குச் சடங்குப் புடவை விரித்துக் காட்டுகிறவள். பதினொரு வயசு, பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள் வந்து கண்ணாடிமுன் நிற்கின்றன. "பாசிப்பச்சை எடுப்பா இருக்குதும்மா" என்று சொல்லும்போதே நம் பிள்ளைக்கு எப்போது என்று நினைத்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்து ஒன்றுமில்லாதது மாதிரி இருப்பேன்.

இந்த நிலைமையில்தான் நீ அவள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே பத்துக்கு எட்டு ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறாய். அவள் தோழி சுகாசினி அதை போட்டோ எடுத்து அனுப்பி, "சொல்லவே இல்லடி" என்று கேட்டிருக்கிறாள். ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் மானம் போகிறது. ப்ளஸ் ஒன்னுக்கு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று அழுகிறாள். அவளுக்கு வேண்டியது, "நீ நல்லாத்தான் இருக்கிற" என்று நம்பும்படி யாராவது ஒரு வார்த்தை சொல்வது. அதற்கு ஃப்ளெக்ஸ் தேவையில்லை.

எல்லாவற்றையும் இறக்கு. மாமா படம் சின்னதாக இருப்பதைப் பற்றி எங்களுக்குக் கவலையில்லை.

லோகா


கூரம்
6.5.2025

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அரை நாள் கட்சி ஆபீஸ் பக்கமே போகவில்லை. பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்ததை இறக்கியாயிற்று. மற்றதை உடனே இறக்கினால் ஏன் என்று கேட்பார்கள்.

கோபப்படாமல் கேள். பதினெட்டாம் தேதியை மாற்றமுடியாது. மாவட்டச் செயலாளரிடம் தேதி வாங்குவது சாமி வரம் வாங்குவது மாதிரி. ஆகவே விழாவை நடத்திவிடலாம் என்பது என் யோசனை. எப்படியும் ஒரு நாள் ஆகப்போகிற விஷயம்தானே, கொஞ்சம் முன்னாலேயே செய்தால் என்ன? பாலம் கட்டி முடிப்பதற்குள் திறப்பு விழா நடத்தியிருக்கிறோம். எவனும் ஒன்றும் கேட்கவில்லை.

உனக்கு அது பிடிக்காவிட்டால் இன்னொரு வழி. கோயில் விசேஷம் என்றால் பெண்கள் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கித் தள்ளிப்போடுகிறார்களே, தள்ளிப்போட மாத்திரை இருந்தால் முன்னால் இழுக்கவும் ஒன்று இருக்கத்தானே வேண்டும்? விஞ்ஞானம் ஒரு பக்கம் மட்டும் வளருமா? டாக்டரைக் கேட்டுப் பார். பதினாறாம் தேதி வந்தாலும் எனக்குப் போதும்.

லோகேஷ் ஆட்டோவில் உளுந்து, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை, எள்ளுருண்டை, ஒரு கூடை பப்பாளி அனுப்பியிருக்கிறேன். எல்லாவற்றையும் சேர்த்துக் கொடு.

மாணிக்கம்


பிள்ளையார்பாளையம்
9.5.2025

மாணிக்கம்,

நீ அனுப்பிய பப்பாளியையும் முட்டையையும் உன் மாமாதான் சாப்பிட்டார். அவருக்கு வயிற்றுப்போக்குத் தவிர வேறு ஒன்றும் வரவில்லை.

பாலம் வேறு, பிள்ளை வேறு. அதைப் பற்றி இனி எழுதாதே.

டாக்டரிடம் போய்வந்தோம். ஹார்மோனுக்கென்றே படித்த அம்மா. பிரவீனாவின் இடது கையை எக்ஸ்ரே எடுத்தார்கள். கை எலும்பைப் பார்த்தால் உடம்புக்கு என்ன வயசு என்று தெரியுமாம். பிள்ளைக்கு வயசு பதினைந்து, எலும்புக்குப் பன்னிரண்டரைதான் ஆகிறது. "உள்ள வேலை ஆரம்பிச்சிடுச்சும்மா, மெதுவா நடக்குது" என்றார். வெட்கத்தை விட்டு உன் மாத்திரையையும் கேட்டேன். ஆரம்பித்துவைக்க மருந்து உண்டாம், தேவைப்பட்டால் அவரே கொடுப்பாராம். "ஆனா இந்தத் தேதிக்கு வேணும்னு வரவழைக்க முடியாது. மண்டபம் புக் பண்ணவங்களுக்காக நான் மருந்து எழுதறதும் இல்ல" என்று சொல்லிவிட்டார்.

உடம்பு எப்போது தொடங்க வேண்டும் என்பது பெரும்பாலும் பரம்பரையாக வருவதாம். நீங்கள் எப்போது என்று என்னைக் கேட்டார். பன்னிரண்டு என்றேன். அப்பா? பத்தாவதிலேயே ஷேவ் செய்தவர். "அப்ப இந்தப் பொண்ணு யார கொண்டுக்கினு வந்திருக்குது? உங்க கூடப்பொறந்தவங்க?" என்றார். ஒரு தம்பி இருக்கிறான், பெரிய மீசை என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் நினைவு வந்தது. நீ பன்னிரண்டாவது படிக்கும்போதும் வரிசையில் முதல் ஆளாக நின்றாய். கூத்து வாத்தியார் உன்னைத் தவிர வேறு யாருக்கும் ராணி வேஷம் கொடுக்கமாட்டேன் என்றார், அவ்வளவு மெல்லிய குரல். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் நீ உள்ளேயிருந்து பேசியதைக் கேட்டு, "பொண்ணுக்குத் தங்கச்சி வேற இருக்குதா?" என்று கேட்டார்கள். என் மை டப்பா சீக்கிரம் சீக்கிரமாகத் தீர்ந்தது உன் மேல் உதட்டில்தான் என்று எனக்குக் கல்யாணமான பிறகுதான் உறைத்தது. அப்புறம் நீ பாலிடெக்னிக் ஹாஸ்டலுக்குப் போனாய், ஒரு பொங்கலுக்கு ஆளே மாறி மீசையோடு வந்து நின்றாய்.

நடுவில் மருந்து ஏதாவது சாப்பிட்டாயா, தானாக வந்ததா? எனக்குத் தெரியாது, டாக்டருக்குத் தெரிய வேண்டும். தானாக வந்தது என்றால் இது நம் வீட்டு வழி, பொறுத்துப் பார்க்கலாம் என்பார். இல்லாவிட்டால் சென்னைக்கு அனுப்பி ஸ்கேன், மரபணுச் சோதனை என்று ஆரம்பிக்க வேண்டியிருக்கும். பிரவீனா அந்தப் பேச்சைக் கேட்டே பயந்துபோயிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை காலை வரச்சொல்லியிருக்கிறார். நீயும் வா.

லோகா


கூரம்
10.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ யாரையோ நினைத்துக்கொண்டு என்னை எழுதியிருக்கிறாய். எனக்குப் பதிமூன்றிலேயே மீசை அரும்பிவிட்டது. ராணி வேஷம் கலைச் சேவை. மை டப்பா எலி தூக்கியிருக்கும்.

இந்த வட்டாரத்தில் என்னை மீசைக்காரர் என்றுதான் சொல்வார்கள். நோட்டீஸில் பெயருக்குக்கூட மீசை போட்டுத்தான் அடிக்கிறோம். ஆஸ்பத்திரியில் யாராவது நம் ஊர்க்காரன் காதில் விழுந்தால் எதிர்க்கட்சிக்காரன் அடுத்த தேர்தலில் மை டப்பாவையே சின்னமாக வைத்துப் பிரசாரம் செய்வான். செவ்வாய்க்கிழமை எனக்கு ஒன்றியக் கூட்டம் இருக்கிறது.

மாணிக்கவேல்


பிள்ளையார்பாளையம்
11.5.2025

மாணிக்கம்,

திட்டுவதற்காக இதை எழுதவில்லை.

நேற்றுச் சாயங்காலம் பிரவீனா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா, சடங்கு செஞ்சிடலாம்மா. நான் மணையில உக்காந்துக்கறேன். இல்லன்னா மாமாவ ஊர்ல எல்லாம் சிரிப்பாங்க" என்றாள். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. உன் பேனரைப் பார்த்து அவளே யோசித்திருக்கிறாள்.

உன் மானத்தைக் காப்பாற்ற, இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்லி நூறு பேர்முன் உட்காரத் தயாராக இருக்கிறாள். பதினைந்து வயசுப் பிள்ளை. உனக்கு முப்பத்தொன்பது. உனக்கு இருந்த ஒன்றை ஒரு அறைக்குள் நாலு பேரிடம் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு இப்போது கோபம்கூட இல்லை, வருத்தமாக இருக்கிறது. வருவதும் வராததும் உன் இஷ்டம்.

லோகா


கூரம்
19.5.2025

அக்கா,

செவ்வாய்க்கிழமை நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்ததை நீ எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாய் என்று தெரியாது. சொல்லிக்கொள். நீ பணம் கட்ட வரிசையில் நின்றபோது உள்ளே நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

டாக்டர் எடுத்த எடுப்பில், "உங்களுக்குக் குரல் எப்ப ஒடஞ்சுது?" என்றார். கதவைச் சாத்தச் சொன்னேன். "ஏற்கனவே சாத்தித்தான் இருக்குது" என்றார். பிரவீனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது. அதன்பிறகு நிறுத்தமுடியவில்லை. ஹாஸ்டலில் என்னைப் பாப்பா என்று கூப்பிட்டதையும், இரண்டாம் வருஷக் கடைசியில் ஒரு மருந்தும் இல்லாமல் தானாக எல்லாம் வந்ததையும், அந்த வருஷமே மூன்று பேண்ட் குட்டையாகிப் போனதையும் சொல்லிவிட்டேன். மையையும் சொல்லிவிட்டேன்.

டாக்டர் எழுதிக்கொண்டே சிரித்தார். "இந்த மாமா கதையே எனக்குப் பெரிய சாட்சி. எக்ஸ்ரேயும் அதையேதான் சொல்லுது. சென்னை வேணாம், ஆறு மாசம் பொறுப்போம்" என்றார். அப்புறம் எங்களுக்கு விளக்கினார். எனக்கு என் பாஷையில்தான் புரிந்தது. மூளைக்குள் தலைமை இருக்கிறது. தலைமை சொன்னால்தான் அதற்குக் கீழே தொங்குகிற ஒரு சின்ன சுரப்பி அசையும். அதுதான் மாவட்டம். மாவட்டம் சொன்னால்தான் கீழே ஒன்றியத்தில் வேலை நடக்கும். குழந்தை பிறந்த புதிதில் தலைமை கொஞ்ச நாள் சுறுசுறுப்பாக இருக்குமாம். அப்புறம் வருஷக்கணக்காக ஒரு அறிக்கைகூட வராது. யாரோ பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்கிறார்கள். கிஸ்பெப்டின் என்று ஒரு சரக்கு ஊறிவந்து தலைமையைத் தட்டி எழுப்பினால்தான் மறுபடி உத்தரவு கிளம்பும். எந்த வயதில் தட்டுவது என்பதைப் பெரும்பாலும் மரபணுக்கள் முடிவு செய்கின்றன. அது ஒன்றிரண்டு இல்லையாம், நூற்றுக்கணக்கில் இருக்கிறதாம். சாப்பாடு, உடம்பு எடை எல்லாமும் கொஞ்சம் பேசும். "அப்ப நான் ஒன்றியத்துல பேனர் கட்டினா தலைமை அசையாதா?" என்று கேட்டேன். டாக்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

வெளியே வராந்தாவில் பிரவீனா, "மாமா, நெஜமாவே ராணி வேஷம் போட்டீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். "அந்தக் கொரல்ல பேசுங்க" என்றாள். முடியாது என்றேன். அப்புறம் பேசினேன். ஒரு நர்ஸ் ஓடிவந்து யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். பிரவீனா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "அப்ப நான் உங்கள மாரிதானா மாமா?" என்றாள். "என்ன மாரியேதான்மா, நல்லாத்தான் இருக்கிற" என்றேன். அதைச் சொல்லும்போது மேடையில் பேசுகிற குரல் வரவில்லை, என் சொந்தக் குரலே வந்தது.

பதினெட்டாம் தேதி கதையையும் கேள். மாவட்டச் செயலாளரிடம் போய், "அண்ணே, சடங்கு இல்ல" என்றேன். "அப்ப நான் எதுக்குப்பா வர்றது?" என்றார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. "நீர்மோர் பந்தல் தெறக்கணும்ணே" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். ஒத்துக்கொண்டார். இருக்கிற பேனரிலேயே மஞ்சள் நீராட்டு விழா என்பதன்மேல் நீர்மோர் பந்தல் திறப்பு விழா என்று ஒட்டினோம். பிரவீனா படத்தின்மேல் மண்பானைப் படம் ஒட்டினோம். மாமா படத்தை மறந்துவிட்டோம். அவர் பானைக்குப் பக்கத்தில் மோர்க்காரர் மாதிரி நிற்கிறார். சீருக்குச் சொல்லிவைத்த பழமெல்லாம் தர்ப்பூசணியாகவும் வெள்ளரியாகவும் மாறி ஊருக்குப் போயிற்று.

சடங்கு என்றார்களே என்று கேட்டவர்களிடமெல்லாம், அம்மையைப் பார்த்து நான் தப்பாக எடுத்துக்கொண்டேன் என்று சொல்லிவிட்டேன். ஊர் சிரிக்கிறது, என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறது. டீக்கடையில் நான் உள்ளே நுழைந்தாலே வேப்பிலையை எடுத்துக் காட்டுகிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

மாணிக்கம்


பிள்ளையார்பாளையம்
22.2.2026

மாணிக்கம்,

பிளாக்கை எடுத்த பிறகும் எதற்குக் கடிதம் என்று பார்ப்பாய். போனில் சொன்னால் நீ ஸ்பீக்கரில் போட்டு ஒன்றியம் முழுக்கக் கேட்கவைப்பாய். அதனால்தான் லோகேஷிடம் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி.

பிரவீனா பெரியவளாகிவிட்டாள். இன்று காலையில்.

நான் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். அவள் பயப்படவில்லை. என்னைத்தான் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. இரண்டு வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. டாக்டருக்குச் சொன்னேன், எல்லாம் அதனதன் வழியில் நடக்கிறது என்றார்.

மண்டபம், பேனர், தட்டு எதுவும் வேண்டாம் என்கிறாள். பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியக்கூடாதாம். நாளைக்குக் கணக்குப் பரீட்சை, அதற்குப் போயே ஆகவேண்டுமாம். நான் உன் மாமாவுக்குப் போன் போட எடுத்தேன். கையைப் பிடித்துவிட்டாள். "மொதல்ல மாமாவுக்குச் சொல்லும்மா. மொறைன்னு ஒண்ணு இருக்குது இல்ல? அப்பா ஷிப்ட் முடிஞ்சி வரட்டும்" என்றாள்.

அதனால் உனக்குத்தான் முதல் சேதி. இன்னும் உன் மாமாவுக்கே தெரியாது.

உளுந்து அனுப்பு. பப்பாளி வேண்டாம்.

லோகா


கூரம்
22.2.2026

அக்கா,

லோகேஷ் உன் கடிதத்தைக் கொண்டுவந்தபோது கட்சி ஆபீஸ் வாசலில் ஐம்பது பேர் இருந்தார்கள். சட்டசபைத் தேர்தலுக்கு யார் யாருக்கு சீட் என்று இன்று தலைமையிலிருந்து பட்டியல் வருகிற நாள். நானும் கேட்டிருந்தேன். தனியாகப் படி என்று நீ எழுதியிருந்ததை, முழுதும் படித்த பிறகுதான் பார்த்தேன்.

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்குத்தான் முதலில் சொல்லச் சொன்னாளா? அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் பல். கட்சிப் பையன் ராமராஜன் பார்த்துவிட்டு, "என்னண்ணே, நல்ல சேதியா?" என்றான். தலையை ஆட்டினேன். "அண்ணனுக்கு சீட்டுடா!" என்று கத்திவிட்டான்.

பொதுவாழ்க்கைக்கு வந்த நாளிலிருந்து ஒரு விஷயத்தை வெளியே சொல்லாமல் வைத்திருப்பது இதுதான் எனக்கு முதல் தடவை. பிள்ளைக்கு வாக்குக் கொடுத்தது மாதிரி ஆகிவிட்டது என்று கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். அதற்குள் பத்தாயிரம் வாலாவைத் தெருவில் விரித்துப் பற்றவைத்துவிட்டார்கள். மேளம் வந்தது. என் தோளில் மாலை விழுந்தது. தெருவில் இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் லட்டு கொடுத்தார்கள். நானும் ஒன்று வாங்கிச் சாப்பிட்டேன்.

பிரவீனாவிடம் சொல், யாருக்கும் தெரியாது. பட்டியலில் என் பெயர் இல்லை என்று மாவட்டச் செயலாளர் காலையிலேயே எனக்குப் போனில் சொல்லிவிட்டார். சாயங்காலம் இவர்களுக்கும் தெரிந்துவிடும். இதை எழுதும்போது இன்னும் வெடித்துக்கொண்டிருக்கிறது, நான் நிறுத்தச் சொல்லவில்லை.

மாமா,
மாணிக்கவேல்